பன்னிருவரில் எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள்? சுற்றுக்கு வந்த படமும் உள்ள ஆதாரமும்

ஜூன் 27, காலை 7.12 (கேள்வி)

பேதுரு, பவுல் திருநாள் நெருங்குகிறது என்று ஒரு படம் எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு சாவு. பேதுருவுக்குத் தலைகீழ்ச் சிலுவை, அந்திரேயாவுக்கு எக்ஸ் வடிவச் சிலுவை, பற்தொலொமேயுவுக்குத் தோலுரிப்பு, தோமாவுக்கு ஈட்டி, சீமோனுக்கு ரம்பம். கீழே, "யோவான் ஒருவரே இயற்கையாக மரித்தார். பொய்க்காக யாராவது உயிரைக் கொடுப்பார்களா?" என்று முடிகிறது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையே அட்டையில் ஒட்டலாம் என்று இருக்கிறோம். இதில் வேதத்தில் இருப்பது எது, பாரம்பரியம் எது? யாராவது பிரித்துச் சொல்லுங்கள்.

ஜூன் 27, காலை 8.05

வேதத்தில் இருப்பது சுருக்கம்தான், முதலில் அதை முடித்துவிடலாம்.

பன்னிருவரில் இரண்டு பேருடைய சாவுதான் புதிய ஏற்பாட்டில் நடந்த சம்பவமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று, செபெதேயுவின் மகன் யாக்கோபு. அப்போஸ்தலர் 12:2, ஒரே வசனம்: ஏரோது ராஜா பட்டயத்தால் கொலை செய்தான். இந்த ஏரோது முதலாம் அகிரிப்பா. யூதேயாவை அவன் ஆண்டது 41 முதல் 44 வரை, ஆகவே யாக்கோபின் சாவு அந்த மூன்று வருடத்துக்குள் விழுகிறது. இவ்வளவு நெருக்கமாகக் காலம் சொல்ல முடிகிற சாவு பன்னிருவரில் வேறு யாருக்கும் கிடையாது. இரண்டாவது, யூதாஸ். மத்தேயு 27இல் நான்றுகொண்டு சாகிறான். அப்போஸ்தலர் 1:18இல் தலைகீழாக விழுந்து வயிறு வெடிக்கிறது. நிலத்தை வாங்கியது ஆசாரியர்களா அவனா என்பதிலும் இரண்டு இடமும் ஒத்துப்போகவில்லை.

பேதுருவுக்கு ஒரு குறிப்பு மட்டும்: யோவான் 21:18-19. முதிர்வயதில் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டிக் கொண்டுபோவான் என்கிறது. எந்த ஊர், எந்த ஆண்டு, தலை மேலா கீழா, எதுவும் இல்லை.

பவுல் பன்னிருவரில் ஒருவர் இல்லை. ஆனாலும் எல்லாப் படத்திலும் ஏறிவிடுகிறார். அவர் கதை அப்போஸ்தலர் 28:30இல், ரோமில் வாடகை வீட்டில் இரண்டு வருடம் தங்கினார் என்பதோடு நிற்கிறது. தலை வெட்டு வேதத்தில் இல்லை.

மற்ற ஒன்பது பேர் எப்படிச் செத்தார்கள் என்று வேதம் ஒரு எழுத்தும் சொல்லவில்லை.

ஜூன் 27, காலை 9.40

அட்டைக்கு முன்னால் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஐந்து கேள்வி: இந்தச் சாவை முதலில் எழுதியது யார்? எந்த ஆண்டு? சாவுக்கும் எழுத்துக்கும் இடைவெளி எவ்வளவு? எழுதியவர் எந்த ஊர்க்காரர்? கொலை என்று மட்டும் சொல்கிறாரா, கொன்ற விதத்தையும் சொல்கிறாரா?

கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குவது. "கொல்லப்பட்டார்" என்பதற்குப் பழைய ஆதாரம் இருக்கும். "இப்படிக் கொல்லப்பட்டார்" என்பது நூறு வருடம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் பழைய ஆதாரத்தின் மரியாதை புதிய விவரத்துக்கும் போய்விடுகிறது.

இன்னொன்று, ஆளைப் பிரியுங்கள். யாக்கோபு மூன்று பேர் (செபெதேயுவின் மகன், அல்பேயுவின் மகன், கர்த்தருடைய சகோதரன்). பிலிப்பு இரண்டு பேர் (பன்னிருவரில் ஒருவர், அப். 6இல் வரும் எழுவரில் ஒருவர்). யூதா, சீமோன் என்ற பெயர்கள் அந்தக் காலத்து யூதேயாவில் தெருவுக்கு நாலு. இந்தக் குழப்பத்திலிருந்து முளைத்த "பாரம்பரியங்களே" பாதி.

ஜூன் 27, இரவு 10.20

பேதுருவையும் பவுலையும் அந்தக் கட்டத்தில் போட்டுப் பார்ப்போம்.

முதல் சாட்சி, ரோமச் சபை கொரிந்துக்கு எழுதிய கடிதம். கிளெமென்டின் பேரில் வழங்குவது, வழக்கமாகச் சொல்லும் காலம் 96ஐ ஒட்டி. ஐந்தாம் அதிகாரத்தில் பேதுரு பல பாடுகள் பட்டுச் சாட்சி கொடுத்துத் தமக்குரிய மகிமையின் இடத்துக்குப் போனார் என்கிறது. பவுல் ஏழு முறை கட்டுண்டார், கல்லெறியப்பட்டார், மேற்கின் எல்லைவரை போனார், அதிகாரிகள் முன் சாட்சி சொல்லி உலகைவிட்டுப் போனார். சிலுவை இல்லை, வாள் இல்லை, நீரோவின் பெயரும் இல்லை. ஆனால் எழுதியது ரோமச் சபை, இடைவெளி முப்பது வருடத்துக்குச் சற்று மேல். கண்ணால் பார்த்த கிழவர்கள் அந்தச் சபையிலேயே இருந்திருப்பார்கள். இதைவிட நல்ல ஆதாரம் இந்தத் துறையில் அரிது.

170ஐ ஒட்டிக் கொரிந்தின் தியோனீசியு, இருவரும் இத்தாலியாவில் ஒரே காலத்தில் சாட்சிகளாக மரித்தார்கள் என்கிறார். 200ஐ ஒட்டி ரோமின் காயு, "வத்திக்கானுக்கும் ஒஸ்தியா சாலைக்கும் வாருங்கள், அவர்களுடைய வெற்றிச் சின்னங்களைக் காட்டுகிறேன்" என்று எதிராளியிடம் சவால் விடுகிறார். அடுத்த சில ஆண்டுகளில் வட ஆப்பிரிக்கச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், பேதுரு சிலுவையில் கட்டப்பட்டதை யோவான் 21உடன் நேராக இணைக்கிறார். பவுல் யோவான் ஸ்நானனைப்போல மரித்தார் என்கிறார், அதாவது தலை வெட்டு. பவுல் ரோமக் குடிமகன் என்பது அப். 22இல் இருக்கிறது. குடிமகனைச் சிலுவையில் அறைவது வழக்கத்துக்கு மாறானது, ஆகவே வாள் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தலைகீழ் எப்போது வந்தது? இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த, வேதத்தில் சேராத பேதுரு நடபடிகள் என்ற நூலில். அதில் காய்ந்த கருவாட்டைப் பேதுரு தண்ணீரில் போட்டு நீந்த வைக்கிறார், நாய் பேசுகிறது. அடுத்து மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஓரிகன் அதையே சொல்கிறார், சபை வரலாறு எழுதிய யூசேபியுஸ் எடுத்து எழுதுகிறார். அந்த வகைத் தண்டனை அன்று இருந்ததா என்றால், இருந்தது. நீரோவின் ஆசிரியராக இருந்த செனெக்காவே தலை கீழாக அறையப்பட்டவர்களைக் குறிப்பிடுகிறார். ஆகவே நடந்திருக்கக்கூடியது, நடந்தது என்பதற்கு முதல் சாட்சி கருவாடு நீந்துகிற புத்தகம்.

ஜூன் 28, காலை 6.50

"ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் எழுதியிருக்கிறாரே" என்று கேட்டவருக்கு: எழுதியிருக்கிறார், ஆனால் பேதுருவைப் பற்றி இல்லை. 64 ஜூலை தீ விபத்துக்குப் பின் நீரோ கிறிஸ்தவர்கள்மீது பழி போட்டு, நாய்களை ஏவியும் சிலுவையில் அறைந்தும் எரித்தும் கொன்றான் என்பது அங்கே இருக்கிறது. தனிப்பெயர் எதுவும் கிடையாது.

ஜூன் 28, மாலை 5.30

பன்னிருவருக்கு வெளியே ஒருவருக்குச் சொந்தச் சபைக்கு வெளியிலிருந்தே சாட்சி இருக்கிறது: கர்த்தருடைய சகோதரன் யாக்கோபு. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு 93ஐ ஒட்டி எழுதுகிறார். ஆளுநர் பெஸ்து செத்துப்போகிறார், அடுத்த ஆளுநர் அல்பீனு வழியில் இருக்கிறார். அந்த இடைவெளியில் பிரதான ஆசாரியன் அனனு சங்கத்தைக் கூட்டி, யாக்கோபையும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்லச் செய்கிறான். 62ஆம் ஆண்டு. எருசலேமில் நியாயப்பிரமாணத்தில் கவனமாக இருந்தவர்களே இதை எதிர்த்துப் புகார் செய்ய, மூன்று மாதத்தில் அனனுவின் பதவி போகிறது.

நூறு வருடம் கழித்து எகேசிப்புஸ் என்ற சபை எழுத்தாளர் இதே சாவை எழுதும்போது தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து தள்ளுகிறார்கள், சாகவில்லை, கல்லெறிகிறார்கள், கடைசியில் ஒரு வண்ணான் துணி அடிக்கும் தடியால் மண்டையில் போடுகிறான். உள்ளே இருப்பது பழைய கல்லெறிதான், மேலே அடுக்கடுக்காக விவரம் ஏறியிருக்கிறது. ஒரே சாவுக்கு நிதானமான பதிவும் பெருகிய பதிவும் இரண்டும் நம் கையில் இருப்பது இங்கேதான். மற்றவர்களுக்குப் பெருகியது மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பதை இதை வைத்து எடை போடலாம்.

ஜூன் 29, காலை 7.00

இன்று திருநாள். இருவரும் ஒரே நாளில் மரித்தார்கள் என்று காலையிலேயே மூன்று குழுவில் வந்துவிட்டது. ஜூன் 29 என்ற தேதியோடு பழைய ரோம நாட்காட்டி (354ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருப்பது) தூஸ்கு, பாஸ்ஸு என்ற இரு ஆட்சியர்களின் ஆண்டைக் குறிக்கிறது. அது 258. அந்த ஆண்டு வலேரியன் காலத்துத் துன்புறுத்தலின்போது தொடங்கிய நினைவுநாளைத்தான் இது குறிக்கிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மரித்த தேதி யாருக்கும் எழுதி வைக்கப்படவில்லை.

ஜூன் 29, இரவு 9.15

எலும்பைப் பற்றிக் கேட்டீர்கள்.

வத்திக்கான் பேராலயத்துக்கு அடியில் 1940 முதல் 1949 வரை தோண்டினார்கள். சிவப்புப் பூச்சுப் பூசிய ஒரு சுவர், அதில் ஒரு சிறிய மாடக் கட்டுமானம், அதன் கீழே வெறும் குழி. அந்தச் சுவரை ஒட்டிய சாக்கடையின் ஓடுகளில் மார்க்குஸ் அவுரேலியுஸ் இன்னும் இளவரசனாக இருந்த காலத்து முத்திரை இருந்தது. அவன் பேரரசன் ஆனது 161இல். ஆகவே காயு சவால் விடுவதற்கு நாற்பது வருடம் முன்பே அங்கே ஒரு நினைவுச் சின்னம் நின்றிருக்கிறது. இது உறுதியான கட்டடச் சான்று. எலும்பு வேறு கதை: பக்கத்துக் கிறுக்கல் சுவரின் பொந்தில் கிடைத்து, பெட்டியில் போய்ப் பல வருடம் கிடந்து, பிறகு கல்வெட்டாய்வாளர் மார்கெரித்தா குவார்துச்சி வாதாடி, 1968 ஜூன் 26 அன்று ஆறாம் பவுல் பாப்பு அறிவித்தார். தோண்டிய குழுவிலேயே அதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருந்தார்கள்.

பவுலுக்கு ஒஸ்தியா சாலைப் பேராலயத்தில் கல்பெட்டி இருக்கிறது. சிறிய துளை போட்டு உள்ளே பார்த்ததில் பொன் கலந்த செந்நீலத் துணி, நீலத் துணி, சாம்பிராணித் துணுக்கு, எலும்புத் துகள். எலும்பு முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கார்பன் ஆய்வு சொன்னதை 2009 ஜூன் 28 அன்று பதினாறாம் பெனடிக்ட் தெரிவித்தார். காலம் பொருந்துகிறது, பெயர் எழுதிய எலும்பு என்று உலகில் எதுவும் இல்லை.

ஜூலை 1, மதியம் 1.25

உங்கள் படத்தின் பூர்விகத்தைப் பார்ப்போம். "பன்னிரண்டு அப்போஸ்தலர் எங்கே பிரசங்கித்தார்கள், எங்கே மரித்தார்கள்" என்று ஒரு சிறு பட்டியல் ரோமின் இப்போலித்துவின் பேரில் சுற்றுகிறது. அவர் எழுதியதில்லை, பின்னால் வந்தது. இதுபோன்ற பட்டியல்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதி, இடைக்காலப் புனிதர் தொகுப்புகள் வழியாக அச்சுக்கும், அங்கிருந்து கைபேசிக்கும் வந்தன.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலிலேயே மத்தேயு பார்த்தியாவில் நித்திரையடைகிறார், யூதா பெய்ரூட்டில் நித்திரையடைகிறார், சீமோன் எருசலேமில் 120 வயதில், யூதாஸின் இடத்துக்கு வந்த மத்தியாவும் எருசலேமில், யோவான் எபேசுவில். ஐந்து பேர் இயற்கையாகப் போகிறார்கள்! படத்தில் யோவான் தனியாக நிற்கிறார். நடுவில் யாரோ நான்கு பேரைக் கொன்றிருக்கிறார்கள்.

ஜூலை 1, மதியம் 2.10 (கேட்டவர்)

அண்ணா, இதை முன்னாடியே சொல்லியிருந்தால் அட்டை வாங்காமல் இருந்திருப்போம்.

ஜூலை 1, மதியம் 2.30

அட்டை வீணாகாது தம்பி. கட்டத்தை மூன்று நிறமாகப் போடுங்கள். வேதத்தில் உள்ளது ஒரு நிறம். இரண்டாம் நூற்றாண்டுக்குள் அந்தந்த ஊர்ச் சபையே சொன்னது இன்னொன்று. அதற்குப் பிந்தையது மூன்றாவது. பிள்ளைகளுக்கு இது எளிதாகவே புரியும், பெரியவர்கள்தான் சண்டைக்கு வருவார்கள்.

ஜூலை 3, காலை 6.15

தோமா திருநாள். இந்த இழையில் பாதிப்பேர் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். (1969 வரை ரோம நாட்காட்டியில் டிசம்பர் 21, பிறகுதான் ஜூலை 3.)

மிகப் பழைய சாட்சியிலிருந்து தொடங்குவோம். அது பலருக்கும் கசக்கும். 170ஐ ஒட்டி வாழ்ந்த ஞானமார்க்க (சபை ஏற்காத ஒரு பிரிவு) ஆசிரியர் ஹெராக்லியோன், அதிகாரிகள் முன் வாயால் அறிக்கை செய்து சாகாதவர்கள் என்று மத்தேயு, பிலிப்பு, தோமா, லேவி, இன்னும் பலரைக் குறிப்பிடுகிறார். இதை எடுத்துக்காட்டுகிறவர் அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட். அந்தப் பகுதியில் ஹெராக்லியோனின் கருத்தோடு அவர் வாதிடுகிறார். ஆனால் பெயர்ப் பட்டியலை அவர் மறுக்கவில்லை. தோமா இரத்தசாட்சி என்று அன்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு வரி வந்திருக்கும். வராதது முடிவான சான்று இல்லை, ஆனால் தராசில் போட வேண்டிய ஒன்று.

அடுத்தது தோமா நடபடிகள். சிரியாக் மொழியில், எதேசா (இன்றைய துருக்கியில்) வட்டாரத்தில், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. தோமா இந்தியா போக மாட்டேன் என்கிறார், கர்த்தர் அவரை அப்பான் என்ற வணிகனுக்கு அடிமையாக விற்கிறார், குந்தபார் என்ற அரசனுக்கு அரண்மனை கட்டப் போகிறார். பிறகு மஸ்தாய் என்ற இன்னொரு அரசனின் நாடு. அரசி உட்பட பெரிய வீட்டுப் பெண்கள் கணவர்களை விட்டு விலகியதால் கோபம். நான்கு போர்வீரர் ஒரு மலைக்குக் கொண்டுபோய் ஈட்டியால் குத்துகிறார்கள். பழைய அரசர்களின் கல்லறையில் அடக்கம். கொஞ்ச காலம் கழித்து நோயுற்ற மகனுக்காக அரசன் கல்லறையைத் திறந்தால் எலும்பு இல்லை. சகோதரர்களில் ஒருவர் மேற்கே கொண்டுபோய்விட்டார். அரசன் மண்ணை எடுத்துப் பூசுகிறான்.

மலைக்குப் பெயர் இல்லை. ஊர் மயிலாப்பூர் என்று இல்லை. 52, 72 என்ற ஆண்டுகளும் இல்லை. அவை பிற்கால மலபார் மரபில் வருபவை.

குந்தபார் கற்பனை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1830களில் வடமேற்கில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. தக்த்-இ-பாகி கல்வெட்டு அவனுடைய 26ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது, வழக்கமான கணக்கில் 46ஐ ஒட்டி. ஆகவே இருந்த அரசன், சரியான காலம். ஆனால் அவன் ஆண்டது காந்தாரப் பக்கம். நம் பக்கம் இல்லை. இந்த நாணயத்தைக் காட்டி மயிலாப்பூரை நிரூபிப்பவர்கள் இரண்டாயிரம் கிலோமீட்டரைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

ஜூலை 3, இரவு 11.05

காலைக் குறிப்புக்கு எதிர்பார்த்தபடியே காரம் வந்திருக்கிறது. "பரங்கிமலையை இல்லை என்கிறீர்களா?" இல்லை என்று எங்கேயும் எழுதவில்லை ஐயா. எது எப்போதிலிருந்து தெரிகிறது என்றுதான் எழுதினேன்.

எதேசாவில் எலும்பு இருந்தது என்பதற்கு நான்காம் நூற்றாண்டிலேயே சாட்சி உண்டு: 373இல் மறைந்த எப்ரேம் பாடியிருக்கிறார், 380களில் எகேரியா என்ற யாத்திரைப் பெண்மணி போய்ப் பார்த்திருக்கிறார், 394 ஆகஸ்டில் பெரிய ஆலயத்துக்கு மாற்றினார்கள். பிறகு கியோஸ் தீவு, 1258இல் அங்கிருந்து இத்தாலியின் ஒர்த்தோனா. ஆறாம் நூற்றாண்டில் தூர் நகரத்துக் கிரகோரி, இந்தியாவில் தோமாவின் உடல் முதலில் கிடந்த இடத்தில் ஒரு மடமும் பெரிய ஆலயமும் இருப்பதாக, போய்வந்த ஒருவர் சொல்லக் கேட்டு எழுதுகிறார். ஊர்ப்பெயர் சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ மாபார் (நம் சோழமண்டலக் கரை) நாட்டில் ஒரு சிற்றூரில் கல்லறை இருப்பதாகச் சொல்கிறார். அவர் கேட்ட கதையில் தோமா இரத்தசாட்சியே இல்லை: மயில் வேட்டைக்கு வந்தவன் விட்ட அம்பு, காட்டில் ஜெபித்துக்கொண்டிருந்தவரின் வலது விலாவில் தைத்தது. விபத்து! ஈட்டி, அம்பு, இயற்கைச் சாவு என்று தோமாவுக்கு மூன்று முடிவு கையில் இருக்கிறது.

1523இல் போர்த்துக்கீசியர் மயிலாப்பூர்க் கல்லறையைத் தோண்டினார்கள். 1547இல் பரங்கிமலையில் ஆலயத்துக்கு அடித்தளம் போடும்போது பாறைச் சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றியுள்ள எழுத்து பஹ்லவி, பழைய பாரசீக எழுத்து. அதாவது பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் போர்த்துக்கீசியருக்குப் பல நூற்றாண்டு முன்பே அந்த மலையில் இருந்திருக்கிறார்கள். இது உறுதியாகச் சொல்லக்கூடியது, சின்ன விஷயமும் இல்லை.

"எலும்பு மேற்கே போனது" என்று நடபடிகளே சொல்வதால், எதேசாவுக்கும் மயிலைக்கும் மோதல் கட்டாயமில்லை. ஒன்று எலும்பு உள்ள இடம், மற்றது கல்லறை உள்ள இடம் என்று இரண்டு பக்கமும் ஒத்துப்போகலாம். அட்டையில் தோமாவுக்கு இரண்டாம் நிறம் கிடையாது, மூன்றாம் நிறம். அதற்காக என்மேல் ஈட்டி எறிய வேண்டாம்.

ஜூலை 6, காலை 8.00

யோவான். "இயற்கையாக மரித்தார்" என்பதும் பாரம்பரியம்தான், வேதம் இல்லை. யோவான் 21:23இல் ஒரு வதந்தி மறுக்கப்படுகிறது: அவன் சாகமாட்டான் என்று சகோதரருக்குள்ளே பேச்சு பரவியது, அப்படிச் சொல்லப்படவில்லை என்று. மறுக்க வேண்டிய தேவை வந்தது என்றால் அந்தச் சீஷன் செத்துவிட்டான், அல்லது சாகும் வயதில் இருந்தான் என்று பலர் ஊகிக்கிறார்கள். 180ஐ ஒட்டி ஆயர் இரேனியுஸ், யோவான் பேரரசன் திராயான் காலம்வரை (98க்குப் பிறகு) எபேசுவில் இருந்தார் என்கிறார்; யோவானின் சீஷர் என்று மரபு சொல்கிற பொலிக்கார்ப்பைச் சிறு வயதில் கேட்டவர் இவர். கொதிக்கும் எண்ணெயில் போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது தெர்த்துல்லியன் சொல்வது, அதுவும் ரோமில்.

எதிர்ச் சாட்சியும் உண்டு. மாற்கு 10:39இல் செபெதேயுவின் இரண்டு மகன்களுக்கும் அதே பாத்திரம் என்று சொல்லப்படுகிறது. யோவானும் சகோதரனைப்போல யூதரால் கொல்லப்பட்டார் என்று இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆயர் பாப்பியாஸ் எழுதியதாக ஐந்தாம் நூற்றாண்டில் சீதேயின் பிலிப்பு பேரில் ஒரு துணுக்கு இருக்கிறது. பாப்பியாஸின் மூலநூல் தொலைந்துவிட்டது. இரேனியுஸும் யூசேபியுஸும் அந்த நூலை வைத்திருந்தும் இப்படிச் சொல்லாததால் பெரும்பாலோர் இந்தத் துணுக்கை நம்புவதில்லை. நானும் எபேசுப் பக்கம்தான்.

ஜூலை 9, இரவு 8.45

மீதிப் பேரை வேகமாக.

அந்திரேயா: கிரேக்கத்தின் பத்ரா. அந்திரேயா நடபடிகளில் ஆணி இல்லை, கயிற்றால் கட்டுகிறார்கள், சாவு நீளட்டும் என்று. அவர் சிலுவையிலிருந்தே நாள்கணக்கில் பிரசங்கம் செய்கிறார். எக்ஸ் வடிவம் இடைக்காலத்தில் வந்தது, அதன் பிற்பகுதியில்தான் பரவலானது. 320களில் யூசேபியுஸ் இந்த நூலை ஒதுக்கித் தள்ளுகிறார். தலை 1462இல் ரோமுக்குப் போய் 1964இல் பத்ராவுக்குத் திரும்பியது.

பிலிப்பு: 190ஐ ஒட்டி எபேசுவின் ஆயர் பொலிக்கிராத்தெஸ் ரோமுக்கு எழுதிய கடிதத்தில், பன்னிருவரில் ஒருவரான பிலிப்பு எராப்போலியில், கன்னியராகவே முதுமையடைந்த இரு மகள்களோடு நித்திரையாயிருக்கிறார் என்கிறார். அதே கடிதத்தில் பொலிக்கார்ப்பு, திராசேயா, சாகாரி ஆகியோரை இரத்தசாட்சிகள் என்று தனியாகக் குறிக்கிறார். பிலிப்புக்கு அந்தப் பட்டம் கொடுக்கவில்லை. ஹெராக்லியோனின் பட்டியலோடு இது பொருந்துவதைக் கவனியுங்கள். தலைகீழாகத் தொங்கவிட்டது நான்காம் நூற்றாண்டுக் கதை. மகள்கள் சமாச்சாரம் அப். 21:9இல் வரும் மற்றப் பிலிப்புவை நினைவூட்டுகிறது, ஆகவே ஆளே மாறியிருக்கலாம். 2011இல் துருக்கியின் பாமுக்கலேயில் (பழைய எராப்போலி), எண்கோண நினைவாலயத்திலிருந்து சுமார் 40 மீட்டரில், அவர் கல்லறை கிடைத்ததாகத் தொல்லியலாளர் பிரான்செஸ்கோ தாந்திரியா அறிவித்தார். உள்ளே உடல் இல்லை.

பற்தொலொமேயு: தோலுரிப்பு, தலை வெட்டு, தலைகீழ்ச் சிலுவை என்று மூன்று சாவு. நாடு அர்மேனியா, இல்லையென்றால் "இந்தியா". அந்தக் காலத்தில் இந்தியா என்ற சொல் தென் அரேபியாவையும் எத்தியோப்பியாவையும்கூட இழுத்துக்கொள்ளும்.

ஜூலை 14, மாலை 4.40

சீமோன்தான் எனக்குப் பிடித்தவர். பாரசீகத்தில் ரம்பத்தால் அறுத்தார்கள், பிரித்தானியாவில் சிலுவையில் அறைந்தார்கள், எருசலேமில் கிழவராக மரித்தார். உழைப்பாளி.

இதில் எருசலேம் வரி எங்கிருந்து வந்தது என்று தெளிவாகக் காட்டலாம். யாக்கோபுக்குப் பிறகு எருசலேம் சபைக்குத் தலைவரானவர் கிலெயோப்பாவின் மகன் சிமியோன். திராயான் காலத்தில் ஆளுநர் அத்திக்கு முன் நிறுத்தப்பட்டு 120 வயதில் சிலுவையில் மரித்தார் என்கிறார் எகேசிப்புஸ். அந்த 120 வயது, செலோத்தே சீமோனின் கட்டத்துக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது. சிலுவையை மட்டும் வழியில் விட்டுவிட்டது.

யூதாவுக்கும் இதே கதிதான். எதேசாவின் அத்தாய், எழுபது பேரில் ஒருவரான ததேயு, கர்த்தருடைய சகோதரன் யூதா, பன்னிருவரில் யூதா, எல்லாரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். இவர்களில் சகோதரன் யூதாவின் பேரன்மாரைப் பற்றி எகேசிப்புஸ் சொல்வது அருமை: தாவீதின் வம்சம் என்று பேரரசன் தொமித்தியன் முன் நிறுத்தினார்கள். சொத்து என்ன என்று கேட்டான். இருவருக்கும் சேர்த்து ஒன்பதாயிரம் தெனாரி, அதுவும் பணமாக இல்லை, 39 பிளெத்ரா நிலமாக, நாங்களே உழுகிறோம் என்று காய்த்துப்போன உள்ளங்கையைக் காட்டினார்கள். ஏளனமாகப் பார்த்து விட்டுவிட்டான்.

அல்பேயுவின் மகன் யாக்கோபைக் கர்த்தருடைய சகோதரனோடு ஒன்றாக்கியது 383ஐ ஒட்டி ஜெரோம் வைத்த வாதம். அதனால்தான் பல அட்டைகளில் இவருக்கும் வண்ணான் தடி. ரோமின் பன்னிரு அப்போஸ்தலர் ஆலயத்தில் இவருடையது என்று வைத்திருந்த தொடை எலும்பை ஆய்ந்து 2021இல் வெளியிட்டார்கள்: மூன்று, நான்காம் நூற்றாண்டு மனிதருடையது.

மத்தியாவை யாரும் கேட்கவில்லை. ஜெர்மனியின் திரியரில் இருக்கிறார்.

ஜூலை 20, காலை 10.30

"அப்படியானால் பொய்க்காகச் சாவார்களா என்ற வாதம் போச்சா?" என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு சாவை நம்பித்தான் அந்த வாதம் நிற்கிறது என்றால் போச்சு. சாகத் தயாராக இருந்தார்களா என்று கேட்டால், அதற்கு முதல் கை ஆதாரமே இருக்கிறது. 2 கொரிந்தியர் 11:24-25: ஒன்றுகுறைய நாற்பதடி ஐந்து முறை, மிலாறுகளால் மூன்று முறை, கல்லெறி ஒரு முறை, கப்பற்சேதம் மூன்று முறை. பவுலே ஐம்பதுகளில் எழுதியது, வாங்கிய ஆளே எண்ணிச் சொன்னது. அப். 5:40இல் அப்போஸ்தலர் அடிவாங்குகிறார்கள். செபெதேயுவின் யாக்கோபு, பேதுரு, பவுல், கர்த்தருடைய சகோதரன் யாக்கோபு என்று நான்கு பேருடைய கொலை உறுதியாக நிற்கிறது. இந்த நான்கையும் ரம்பத்துக்கும் தோலுக்கும் பக்கத்தில் ஒட்டினால், ரம்பத்தைச் சந்தேகிக்கிற பிள்ளை பவுலையும் சேர்த்துச் சந்தேகிக்கும்.

ஜூலை 25, காலை 7.35

யாக்கோபு திருநாள், ஆகவே கடைசிக் கட்டம். எருசலேமில் கொல்லப்பட்டவர் ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு எப்படிப் போனார்? ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரியா பிளாவியாவின் ஆயர் தெயோதெமீர் அங்கே ஒரு கல்லறையைக் கண்டு, அதை யாக்கோபுடையது என்று அறிவித்தார். அந்த ஆயர் உண்மையான ஆள்தான்; 1955இல் அவருடைய கல்லறைக் கல்லே பேராலயத்துக்கு அடியில் கிடைத்தது. 1589இல் ஆங்கிலேயர் படையெடுப்புப் பயத்தில் எலும்பை ஒளித்துவைத்தார்கள், வைத்த இடம் மறந்துபோயிற்று, 1879இல் தோண்டி எடுத்தார்கள், 1884இல் பதின்மூன்றாம் சிங்கராயர் உறுதிசெய்தார். எருசலேமில் அர்மேனியரின் யாக்கோபு பேராலயமோ தலை தங்களிடம் இருக்கிறது என்கிறது.

தம்பி, இந்தக் கட்டத்தில் அப். 12:2ஐ மட்டும் எழுதுங்கள். ஸ்பெயினுக்குப் பின்பக்கம் இடம் இருந்தால் போடுங்கள்.